இரண்டாம் முறை திறக்கும்போது

ஜனவரி 9

ஸ்பேனருக்கு,

என் எண்ணை நீ தடுத்து வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. முதல் இரண்டு மாதம் செல்போன் கோபுரத்தில் கோளாறு என்றுதான் நினைத்தேன். உன் அண்ணன் போனிலிருந்து அடித்தால் முதல் மணியிலேயே எடுக்கிறாய் என்று பிறகுதான் கவனித்தேன். அதனால் கடிதம். இதைத் தடுக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் ஒருமுறை படித்துவிடு.

எடைமேடை அறையிலிருந்து எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே ஜல்லி லாரிகள் வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் மேடையில் ஏறும்போது என் மேசையும் கூடவே ஆடும். கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

எனக்கு மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். எட்டு வருடத்துக்கு முன் என் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டியெடுத்து, மிச்சத்தைக் குழாய் மாதிரி விட்டார்களே, அதே இடத்தில்தான். அந்தக் குழாயின் மேல்முனையை மட்டும் சின்னப் பையாக்கி, குடலைத் தூக்கி அதோடு தைப்பார்களாம். பைபாஸ் என்று பெயர். ஏற்கெனவே செய்ததை மாற்றுவதால் 'திருத்த அறுவை சிகிச்சை' என்று தாளில் போட்டிருந்தது. படித்தபோது நான்தான் ஏதோ பிழை செய்துவிட்டவள் போலக் கூசியது.

குடும்பத்தில் ஒருவர் வந்து, டாக்டர் சொல்வதைக் கேட்டு, 'உடனிருப்பவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். உன் அண்ணனிடம் கேட்டேன். பெயின்ட் டப்பாவைக் கலக்கிக்கொண்டே, "ஒரு தடவ அறுத்தாச்சு. அப்பவும் இதையேதான் சொன்னாங்க. வாயக் கட்டு, போதும்" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஆஸ்பத்திரி உன் ஊரில்தான். உனக்கு என்மேல் கோபம், எனக்கும் உன்மேல் கோபம். ஆனால் கையெழுத்துக்குப் பேனா போதும், சமாதானம் தேவையில்லை. வருவாயா, மாட்டாயா என்று மட்டும் எழுது.

உன் அண்ணி


ஜனவரி 17

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. பணிமனை முகவரிக்கு அனுப்பியதால் ஃபோர்மேன் எல்லார் முன்னாலும் "உனக்குக் காதல் கடிதம் வந்திருக்கு, அதுவும் கோணக் கையெழுத்துல" என்று நீட்டினார். நான் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தேன். முதல் பக்கம் முழுக்க கிரீஸ் விரல்கள்.

எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதீர்கள். நான் கத்துவேன், நீங்கள் "சரிம்மா, சரிம்மா" என்பீர்கள், அதைக் கேட்டால் எனக்கு இன்னும் ஏறும். எழுதுங்கள்.

கையெழுத்துப் போட மாட்டேன். எட்டு வருடத்துக்கு முன் போட்டவளும் நான்தானே? அம்மா உங்களை "நகருற பீரோ" என்று நாளைக்குப் பத்துத் தடவை சொல்வதைக் கேட்கச் சகிக்காமல், அந்த விளம்பரத் தாளைக் கொண்டுவந்து நீட்டியது நான். உங்களை இழுத்துக்கொண்டு போனது நான். நாற்பத்தேழு கிலோ குறைந்தீர்கள். என் அண்ணி, என் அண்ணி என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பிறகு ஒவ்வொரு லீவுக்கும் வந்து பார்த்தால் ஒவ்வொரு சுற்றுப் பெருத்திருந்தீர்கள்.

அம்மாவின் பிறந்தநாளில் நீங்கள் இரண்டாவது கேக் துண்டை எடுத்தபோது, "எல்லாத்தையும் வீணாக்கிட்டீங்க அண்ணி" என்று சொன்னேன். பத்துப் பேர் முன்னால் சொன்னது தப்பு. சொன்ன விஷயமே தப்பு என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. பொய் எழுதச் சொன்னால் எழுதுகிறேன்.

இன்னொன்று. ஒரு இன்ஜினை முதல் முறை திறப்பதும் இரண்டாம் முறை திறப்பதும் ஒன்றல்ல. போல்ட்டின் மரை தேய்ந்திருக்கும். உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு இருக்கும், கத்தி வைத்துச் சுரண்ட வேண்டும். இரண்டு மடங்கு நேரம் ஆகும், உடையவும் அதிக வாய்ப்பு. இரும்புக்கே இந்தக் கதி. உங்கள் டாக்டரிடம் இதைக் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

பாப்பா ஒன்பதாவதா, பத்தாவதா?


ஜனவரி 26

ஸ்பேனருக்கு,

பாப்பா பத்தாவது. உன்னை மாதிரியே வாய்.

பொய் எழுத வேண்டாம். நீ என்னிடம் பொய் சொல்லாத ஆள் என்பதால்தான் உனக்கு எழுதினேன். ஆனால் நான் உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. சிரிக்காமல் படி.

முதல் ஆபரேஷனுக்குப் பிறகு மூன்றாவது வருடம் பரிசோதனைக்குப் போனபோது, எனக்கு ஆபரேஷன் செய்த அதே டாக்டர் எடை மிஷினைப் பார்த்துவிட்டு, "மூணு கிலோ ஏறியிருக்கு. சாப்பாட்டப் பாத்தா கை சும்மா இருக்காதோ?" என்றார். நர்சுகள் சிரித்தார்கள். அதோடு போவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் எடை மிஷின் வைத்தால் அத்தை வந்து எட்டிப் பார்ப்பார்கள். அதனால் இங்கேயே, மத்தியானம் லாரி வராத நேரத்தில், மேடையில் ஏறி நின்று, ஜன்னல் வழியாகத் திரையைப் பார்த்துக்கொள்வேன்.

எங்கள் மேடை நாற்பது டன் லாரியை நிறுப்பது. பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். இருநூறு கிலோவுக்குக் கீழே அது காட்டுவதை நம்பக் கூடாது என்று அதன் தகட்டிலேயே அச்சடித்திருக்கிறது. பதினாறு வருடமாக அந்தத் தகட்டைத் துடைப்பவள் நான். எழுபத்தேழிலிருந்து எண்பத்துநாலு வரை நான் ஏறியபோதெல்லாம் அது எண்பது என்றே காட்டியது. இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் தொண்ணூறு காட்டியது. மழைத் தண்ணீர் தேங்கியிருக்கும் என்று மேடையைக் கூட்டித் தள்ளிவிட்டு மறுபடி ஏறினேன். தொண்ணூறு. அடுத்த மாதம் மேடையைக் கழுவச் சொன்னேன்.

இப்போது ஆஸ்பத்திரித் தாளில் நூற்றுப் பத்து என்று எழுதிக் கொடுத்தேன். நர்ஸ் ஏற்றிப் பார்த்தால் நூற்றுப் பதினாலு. "நாலு கிலோ எங்க போச்சு?" என்று கேட்டாள். "எங்க மிஷின்ல நாலு தெரியாதும்மா" என்றேன். பொய் சொல்கிறேன் என்றுதான் அவள் எழுதியிருப்பாள்.

எடையை விட நெஞ்செரிச்சல்தான் கொடுமை. படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரை வந்து இருமல் பிடித்துக்கொள்கிறது. நாலு வருடமாக நாற்காலியில் சாய்ந்துதான் தூக்கம். உன் அண்ணனிடம் முதுகுவலி என்று சொல்லியிருக்கிறேன். வயிறு என்றால் மறுபடி 'வாயக் கட்டு' என்பார், அதனால்.

இன்ஜின் கேள்வியை டாக்டரிடம் கேட்டேன். இப்போது இருப்பது வேறு டாக்டர், ஒரு அம்மா. "உங்க நாத்தனாருக்கு நல்ல மண்டை. அவங்க சொல்றதுதான் சரி" என்றார். உள்ளே தழும்பு பிடித்திருக்கும். கல்லீரல் ஒட்டியிருக்கலாம். தையல் விட்டுக் கசிவது முதல் முறையை விடக் கொஞ்சம் அதிகம் நடக்கும். எல்லாம் ஒத்துக்கொண்டார். ஆனால் ஏன் இப்படி ஆனது என்று பார்க்காமல் கத்தி வைக்க மாட்டாராம். அடுத்த வாரம் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். எக்ஸ்ரேயும் உண்டு.

அண்ணி


பிப்ரவரி 2

அண்ணி,

சிரித்துவிட்டேன். மேடையைக் கழுவச் சொன்னீர்கள் என்ற இடத்தில். பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பஸ்ஸுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அந்தப் பழைய டாக்டர் பெயர் என்ன? சும்மா கேட்கிறேன். எங்கள் தடத்து பஸ்ஸில் ஏறுகிற ஆளாக இருந்தால் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்களை "மேடை மேல ஏறாதீங்கக்கா, என் லோடு கூடிரும்" என்று கிண்டல் பண்ணும் டிரைவர் இன்னும் வருகிறானா? நீங்கள் அவனோடு சேர்ந்து சிரித்ததை ஒருநாள் பார்த்தேன். உங்களை அறைய வேண்டும் போல இருந்தது. அவனை இல்லை, உங்களை. அவன் லாரியில் அளவுக்கு மேல் ஏற்றினால் ஏற்றிவிட்டவனைப் பிடிக்கிறீர்கள், லாரியைப் பார்த்து வெட்கமில்லையா என்று கேட்பதில்லை.

நாலு வருடம் நாற்காலியில். அந்த வீட்டில் மூன்று பேர் உங்களோடு இருக்கிறார்கள். ஒருவருக்கும் கண் இல்லை. லீவுக்கு வந்துபோன எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கையெழுத்து விஷயத்தில் நான் இன்னும் மாறவில்லை. எக்ஸ்ரேயில் என்ன வந்தது?


பிப்ரவரி 15

ஸ்பேனருக்கு,

எண்டோஸ்கோபியில் அவ்வளவு கஷ்டமில்லை. தொண்டை மரத்துப்போக மருந்து அடித்தார்கள், குழாய் போனது, வந்தது. எக்ஸ்ரேதான் வேறு மாதிரி. நிற்க வைத்து, சுண்ணாம்புத் தண்ணீர் போல ஒன்றைக் குடிக்கச் சொன்னார்கள். அது உள்ளே போவது எதிரே திரையில் தெரிந்தது. என் வயிற்றை நானே பார்த்தேன். நேராக இறங்கியது. நடுவில் நின்றுவிட்டது. தண்ணீர் ரப்பர் குழாயை மடித்துப் பிடித்தால் எப்படியோ அப்படி, அந்த இடத்தில் ஒரு மடிப்பு. மேலே தேங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சொட்டியது. மிச்சம் மேல்நோக்கித் திரும்பியது.

டாக்டரம்மா கேட்டார். "முட்டை, கறி, இதெல்லாம் சாப்பிட்டா?"

"நெஞ்சுல நின்னுரும். அப்புறம் திரும்பி வந்துரும்."

"எது இறங்கும்?"

"பால்ல நனச்ச பிஸ்கட். ஐஸ்கிரீம். கேக்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எத்தனை வருஷமா?"

"நாலு இருக்கும்."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"சொன்னேன் டாக்டர். வாயக் கட்டுன்னாங்க."

நான் அழவில்லை. உதட்டில் வெள்ளை ஒட்டியிருந்தது, துடைத்துக்கொண்டேன்.

அத்தை பிறந்தநாள் அன்று மத்தியானச் சாப்பாட்டில் இரண்டு வாய் வைத்துவிட்டு நான் பாத்ரூமுக்குப் போனது உனக்கு நினைவிருக்காது. காலையிலும் அப்படித்தான். அந்த முதல் கேக் துண்டுதான் அன்றைக்கு என் வயிற்றில் தங்கிய முதல் சாப்பாடு. அதனால் இரண்டாவதை எடுத்தேன்.

இதைப் படித்துவிட்டு உடனே என்னைத் தூக்கிக் கோயிலில் வைக்காதே. கேக் எனக்குப் பிடித்தும் இருந்தது. அழுகை வந்தால் பிஸ்கட் டப்பாவைத்தான் கை தேடும், அது குழாய் மடிவதற்கு முன்னாலிருந்தே உள்ள பழக்கம். டாக்டரம்மாவிடமும் இதைச் சொன்னேன். மனநல ஆலோசகரிடம் மூன்று முறை அனுப்பினார். நல்ல பெண். என் கதையைக் கேட்டுவிட்டு, "உங்க மாமியார நான் பாக்கணுமே" என்றாள்.

இனி என்ன எதிர்பார்க்கலாம் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னது இது. எரிச்சல் பெரும்பாலும் போய்விடும். முட்டையும் கறியும் இறங்கும். எடை, முதல் முறை போலக் குறையாது. இருபது கிலோ, நல்லபடியாக இருந்தால் இருபத்தைந்து. "நாற்பத்தேழ மறந்துடுங்க" என்றார். சத்து மாத்திரை சாகும் வரை. வலிக்கு நினைத்த மாத்திரையை வாங்கிப் போடக் கூடாது, தையலில் புண் வரும். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு அது வழியாகவே முடிக்கப் பார்ப்பார், முடியாவிட்டால் வயிற்றைத் திறப்பார்.

மார்ச் 12 என்று தேதி கொடுத்திருக்கிறார். உடனிருப்பவர் இல்லையென்றால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும், அடுத்தது ஆறு மாதம் கழித்து. பத்தாம் தேதிக்குள் நீ வந்து டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அண்ணி


பிப்ரவரி 21

அண்ணி,

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது என்று உங்களுக்குத் தெரியும். வராவிட்டாலும் கேட்கிறேன்.

போன வருடம் ஒரு பஸ்ஸுக்கு டீசல் அதிகம் குடிக்கிறது என்று புகார். மேலதிகாரிகள் மூன்று டிரைவர்களுக்கு மெமோ கொடுத்தார்கள், ஓட்டத் தெரியவில்லை என்று. மூன்றாவது டிரைவர் என்னிடம் வந்து, "நீயாவது கீழ படுத்துப் பாரும்மா" என்றார். படுத்துப் பார்த்தேன். அடிச்சட்டத்தில் உரசி உரசி, டீசல் திரும்பிப் போகிற குழாய் நசுங்கியிருந்தது. அன்றைக்கு மேலதிகாரியின் அறையில் நான் போட்ட சத்தம் வெளிக்கேட்டு வரை கேட்டது. அதே வாயால்தான் உங்களை அப்படிச் சொல்லியிருக்கிறேன். பஸ்ஸுக்கு அடியில் படுத்துப் பார்க்கத் தெரிந்தவளுக்கு, ஒரு வார்த்தை "ஏன் அண்ணி?" என்று கேட்கத் தெரியவில்லை.

கோபம் மட்டும் அடங்கவில்லை. வயிற்றை வெட்டிய அந்த டாக்டரே தின்கிறாய் என்று கிண்டல் பண்ணுகிறான், தான் விட்ட மடிப்பைப் பார்க்கவில்லை. ஒல்லியாக இருக்கும் யாராவது நெஞ்சில் நிற்கிறது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்திருப்பார்கள். குண்டானவர் சொன்னால் அது வியாதி இல்லை, குணம்.

கையெழுத்துப் போடுகிறேன். எட்டாம் தேதி லீவு சொல்லிவிட்டேன். ஆனால் ஒன்று எழுத வேண்டும், எழுதாவிட்டால் அடைத்துக்கொண்டு இருக்கும். அன்றைக்கு இருபத்தொரு வயதில் என்ன படிக்கிறேன் என்றே தெரியாமல் போட்டேன். இப்போது ஒவ்வொரு வரியும் புரியும். உங்களுக்கு ஏதாவது ஆனால் பாப்பாவிடம் நான் என்ன சொல்வேன்? அண்ணனிடம்? நீங்களே முடிவு செய்ததுதானே, என் முகத்துக்காக இல்லையே? அதை மட்டும் எழுதி அனுப்புங்கள்.


மார்ச் 5

ஸ்பேனருக்கு,

உன் முகத்துக்காக இல்லை. யார் முகத்துக்காகவும் இல்லை. முதல் முறை எல்லார் வாயையும் மூடுவதற்காகப் படுத்தேன். இந்த முறை எனக்கு ஒரு முட்டை சாப்பிட வேண்டும். கட்டிலில் படுக்க வேண்டும். இதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் இல்லை.

இன்று நீர் ஆகாரத்தில் எட்டாவது நாள். புரதப் பொடி, பால், வடிகட்டிய சூப். கல்லீரலைச் சுருக்கத்தான் இந்த இரண்டு வாரப் பட்டினி. நாலாம் நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. ஆறாம் நாள் சரியாகிவிட்டது. நேற்று ஒரு டிரைவர் என் ஜன்னல் ஓரம் நின்று ரொட்டி தின்றான். அவனை நான் பார்த்த பார்வையில் பாதியை என்னிடம் நீட்டிவிட்டான். வாங்கவில்லை. எழுதி வைத்துக்கொள், வாங்கவில்லை.

உன் அண்ணனிடம், உன்னைப் பார்த்துச் சமாதானமாகி நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது. "போயிட்டு வா, அவ ஒண்ணு ரெண்டு சொன்னா நீ பொறுத்துக்க" என்றார். பையை அவரே எடுத்துத் துடைத்து வைத்தார். பொய் சொன்னது உறுத்துகிறது. ஆனால் அவரிடம் சொல்லாதே. சொன்னால் வந்து 'வேண்டாம்' என்பார். அவர் வேண்டாம் என்று ஒரே ஒரு தடவை மெதுவாகச் சொன்னால் போதும், நான் எழுந்து வந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஏதாவது ஆகிவிட்டால், பதினொன்றாவதில் பாப்பாவுக்கு அக்கவுன்டன்சி வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். அவளுக்கு அது பிடிக்கவில்லை, என்னிடம் சொல்லப் பயப்படுகிறாள். அத்தையிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

எட்டாம் தேதி டாக்டரிடம் நீ என்ன கேட்க நினைத்தாலும் கேள், சண்டை மட்டும் போடாதே. அவர்தான் கத்தி வைத்திருப்பவர்.

அண்ணி


மார்ச் 24

அண்ணி,

நீங்கள் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. அன்றைக்கு நடந்ததை நேரில் சொல்ல நினைத்து, நீங்கள் சின்ன மருந்துக் கோப்பையில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

இரண்டரை மணி நேரம் என்றார்கள். ஐந்து ஆனது. வராந்தாவில் நாற்காலிகளை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஒரு போல்ட் லூஸ். அதைக் கையாலேயே திருகிக்கொண்டு இருந்தேன். மூன்றாவது மணி நேரத்தில் ஒரு நர்ஸ் வந்து, "கல்லீரல் ஒட்டியிருக்கு, பிரிச்சுட்டு இருக்காங்க. துளை வழியா முடியலன்னா திறப்பாங்க. நீங்க ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்றாள். போட்டிருக்கிறேன். அந்த வரியையும் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

நீங்கள் சொல்லாதே என்றதை மீறினேன். அண்ணனுக்குப் போன் அடித்தேன்.

"என்ன, ரெண்டு பேரும் சமாதானமா?" என்றான்.

"அண்ணி ஆஸ்பத்திரில இருக்காங்க. உள்ள கொண்டுபோய் மூணு மணி நேரமாச்சு."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். போனில் யாரோ ஏணியை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு, "எந்த பஸ் ஏறணும்?" என்றான்.

சாயங்காலம் வந்து சேர்ந்தான். கை, தலைமுடி எல்லாம் வெள்ளைப் பெயின்ட். வாசலில் காவலாளி, வேலைக்கு வந்தவன் என்று நினைத்து, "பெயின்டருங்க எல்லாம் பின்பக்கம்" என்று அனுப்பியிருக்கிறான். இவனும் பேசாமல் பின்பக்கம் போய், குப்பை வண்டி வரும் வழியாக ஏறி வந்திருக்கிறான். கேட்டதும் நான் கீழே இறங்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தி, "விடு. எப்படியோ வந்துட்டேன்ல" என்றான். அதற்குள் துளை வழியாகவே முடித்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் காவலாளி தப்பித்தான்.

அண்ணன் கண்ணாடி வழியாக உங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். "கோவமா?" என்று கேட்டேன்.

"நாலு வருஷம் முதுகுவலின்னா. நானும் நம்பிட்டேன். ஒருநாள்கூட தைலம் கேக்கல அவ. அதுவாவது எனக்குத் தோணியிருக்கணும்ல."

இரண்டாம் நாள் நீலச் சாயம் குடிக்க வைத்துக் கசிவு இல்லை என்று சொன்னார்களே, அப்போது நீங்கள் தூக்கக் கலக்கத்தில் இருந்தீர்கள். அவன் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் வரவில்லை. நான் சொன்னேன் என்று சொல்லாதீர்கள்.


ஏப்ரல் 28

ஸ்பேனருக்கு,

நீ சொல்லாதே என்றதை நானும் மீறினேன். பாத்ரூம் விஷயத்தைக் கேட்டேன். "தண்ணி வரல, பாத்துட்டு இருந்தேன்" என்றார்.

யாரும் எனக்குச் சொல்லாததையெல்லாம் உனக்கு எழுதுகிறேன். ஒன்பதாம் நாள் ஏன் இதைச் செய்தோம் என்று தோன்றியது. வலி இல்லை. மெல்வதற்கு ஏங்கினேன். இரண்டு வாரம் தண்ணீர் மாதிரி, இரண்டு வாரம் கூழ் மாதிரி, வாய்க்கு வேலையே இல்லை. பாப்பா முறுமுறுவென்று எதையோ கடித்தபோது எழுந்து வெளியே போய் நின்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து மாடியில் போய்ச் சாப்பிட்டாள். அதுவும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

போன வாரம், எல்லாம் சரியாகிவிட்டது என்ற தைரியத்தில், டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடித்தேன். பத்தே நிமிடம். வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, தரையில் படுத்துவிட்டேன். சர்க்கரை நேராகக் குடலில் விழுந்தால் அப்படித்தான் ஆகும் என்று டயட்டீஷியன் முன்பே சொல்லியிருந்தாள். எனக்கு ஆகாது என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்களாம். ஜூலை வாக்கில் முடி கொட்டுமாம், அதையும் சொல்லிவிட்டாள், பயப்படாமல் இருக்க.

ஆனால் எரிச்சல் இல்லை. ஆறு வாரமாக இருமல் இல்லை. கட்டிலில் படுக்கிறேன். உன் அண்ணன் குறட்டை விடுவதை நாலு வருடம் கழித்து இப்போதுதான் பக்கத்திலிருந்து கேட்கிறேன், அது ஒன்றுதான் நஷ்டம்.

நேற்று முட்டை. வேகவைத்தது, மசித்தது, கால் பங்கு. அரை மணி நேரம் எடுத்தது. இறங்கியது. இறங்கிய பிறகும் பத்து நிமிடம் திரும்பி வருமோ என்று காத்திருந்தேன். வரவில்லை.

அண்ணி


ஜூலை 12

அண்ணி,

இங்கே மழை. பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, பஸ்ஸுக்கு அடியில் படுத்தால் முதுகு ஊறிப்போகிறது. தார்ப்பாய் கேட்டோம், அலுவலகத்தில் நாலு படிவம் கொடுத்தார்கள். நானே ஒன்று தைத்துக்கொண்டேன்.

பாப்பா போன் பண்ணினாள். அக்கவுன்டன்சி இல்லையாம், அம்மாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம், ஒரே சிரிப்பு. பாட்டி "இவ்வளவு சின்னத் தட்டுல சாப்பிட்டா ஊர்ல என்னப் பேசுவாங்க, மருமகளப் பட்டினி போடறேன்னு" என்றதாகவும் சொன்னாள். என் அம்மாவுக்கு என்ன செய்தாலும் ஊர் பேசும்.

முடி கொட்டுகிறதா? மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா? இரும்புச் சத்து டெஸ்ட் எடுத்தீர்களா?

இதற்கு மேலே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதீர்கள்.


ஜூலை 31

ஸ்பேனருக்கு,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தொண்ணூற்றாறு கிலோ. ஆஸ்பத்திரி மிஷினில். ஆறு வாரமாக அங்கேயே நிற்கிறது. இன்னும் கொஞ்சம் இறங்கலாம், இறங்காமலும் போகலாம் என்றார் டாக்டரம்மா. நீ இதைப் படித்துவிட்டு முகத்தைச் சுளிக்க மாட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதவில்லை. சுளித்தாலும் பரவாயில்லை என்ற நிலையில் எழுதுகிறேன்.

முடி கொட்டுகிறது. இரும்புச் சத்து குறைவு, ஊசி போடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தையின் தங்கை வந்திருந்தார்கள். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். என் தட்டில் கறி நாலு துண்டு, ஒரு முட்டை, கொஞ்சம் காய். சித்தி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரெண்டு தடவ ஆபரேஷன்னு சொன்னாங்க" என்றார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சத்தை உன் அம்மா சொன்னார்கள்.

"ஆமா. இவ்வளவு அறுத்தும் இவ்வளவுதானா?"

முன்பெல்லாம் இந்த மாதிரி நேரத்தில் நான் சிரித்துவிடுவேன், உனக்குத் தெரியும். அந்த டிரைவரோடு சிரித்தது போல. ஞாயிற்றுக்கிழமை சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை. வாயில் இருந்ததை நன்றாக மென்று விழுங்கிவிட்டு, "இவ்வளவுதான் அத்தை" என்றேன்.

அத்தை திரும்ப ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். உன் அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அம்மா, அவ சாப்பிட்டு முடிக்கட்டும். அர மணி நேரம் ஆகும்" என்றார். கல்யாணமான இத்தனை வருடத்தில் சாப்பாட்டு நேரத்தில் அவர் அம்மாவிடம் பேசிய முதல் வாக்கியம் என்று நினைக்கிறேன், 'இன்னும் கொஞ்சம் ஊத்துங்க' என்பதைத் தவிர.

ஒவ்வொருவராக எழுந்து கை கழுவப் போனார்கள். பாப்பா போனாள், சித்தி போனார்கள், கடைசியில் அத்தையும் போனார்கள். உன் அண்ணன் சாப்பிட்டு முடித்து வெகுநேரம் ஆகிவிட்டது. எழுந்திருக்கவில்லை. விரல்கள் காயக் காயப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், செய்தித்தாளில் எதையோ படிக்கிற மாதிரி. இன்னும் அரை முட்டை மிச்சம் இருந்தது. நான் அவசரப்படவில்லை.

அண்ணி